ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பக்கவாதம் வந்தால் நேரம் எங்கே போகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு மகள். அவருடைய அப்பாவுக்கு 67 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற இதயத் துடிப்புக் கோளாறால் ரத்தக்கட்டி உருவாகாமல் இருக்க, பல வருடமாக அசிட்ரோம் என்கிற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். முட்டி மாற்று ஆபரேஷனுக்காகச் சில நாள் முன்பே அதை நிறுத்தினார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் வலது கை தொங்கிவிட்டது, பேச்சு வரவில்லை. மகள் ஐந்தரை மணிக்கே சிஸ்டரிடம் சொல்லிவிட்டார். சிடி ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. "ஆபரேஷன் ஆன உடம்பு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது" என்று சொல்லி மாத்திரை, ட்ரிப்ஸ் என்று வைத்துப் பார்த்தார்கள். இப்போது மூன்று வாரம் ஆகிறது. "வீட்டில் வந்திருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே படுத்திருந்தவருக்கு ஏன் இப்படி ஆனது? நாங்கள் எதைத் தவறவிட்டோம்?" என்று கேட்கிறார்.

நான் நரம்பியல் மருத்துவர். இந்தக் கேள்வியை வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு வார்த்தைகளில் என்னிடம் கேட்டிருக்கின்றன. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எதையும் தவறவிடவில்லை. பார்த்தீர்கள், சொன்னீர்கள். ஐந்தரை மணிக்கு அந்த வார்டில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வீட்டில் வந்திருந்தால் வேகமாக நடந்திருக்குமோ என்று கேட்டீர்கள். கசப்பாக இருந்தாலும் பல இடங்களில் அதுதான் உண்மை. பக்கவாதத்துக்கான ஏற்பாடு முழுவதும் வாசல் வழியாக வருகிறவருக்காகக் கட்டப்பட்டது. 108-ல் வருகிறார், அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் கண் முன்னாலேயே நிற்கிறார், சிடி அறை பக்கத்திலேயே இருக்கிறது, வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நான்காம் மாடியில் எலும்பு வார்டில் படுத்திருப்பவருக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் ஏற்கெனவே "பார்க்கப்படுகிற" நோயாளி. கடிகாரத்தை ஓட்டிவிட ஆளில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. மொத்தப் பக்கவாத நோயாளிகளில் 2 முதல் 17 சதவீதம் பேருக்கு, வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும்போதே அது வருகிறது என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளின் பதிவுகளைப் பார்த்தபோதும் இதே கதைதான்: வார்டில் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஸ்கேன் தாமதமானது, ஊசி குறைவாகக் கிடைத்தது, முடிவும் மோசமாக இருந்தது. 2022-ல் அமெரிக்க இதய சங்கம் இதற்கென்றே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு வந்தது. உங்கள் அப்பாவின் நாலரை மணி நேரத்தை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், இதை நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது புரியும்.

அந்த நேரம் எங்கே போகிறது என்பதை நான் என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம், நைட் டியூட்டி. அறுவை சிகிச்சை வார்டில், வயிற்றில் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாளில் இருந்த ஒரு பெரியவர். காலை ஆறு மணிக்கு அவர் மனைவி டம்ளரும் கையுமாக என்னிடம் வந்தார். "தம்பி, இவரு எதைக் கேட்டாலும் 'சரி சரி'ங்கிறாரு. என் பேரு என்னன்னு கேட்டேன், அதுக்கும் 'சரி'ங்கிறாரு" என்றார். நான் போய்ப் பார்த்தேன். கண் விழித்திருந்தார். "வலிக்குதா ஐயா?" என்றேன். "சரி." "பேர் சொல்லுங்க." "சரி." இரவு வலிக்குக் கொடுத்த ஊசியின் மயக்கம், வயதானவர், இடம் மாறியதில் வந்த குழப்பம் என்று முடிவுகட்டி, கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதினேன். வலது கையைத் தூக்கச் சொல்லவில்லை. அந்தக் கையில்தான் ட்ரிப்ஸ் ஊசி இருந்தது, அசைக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த என் பேராசிரியர் போர்வையை விலக்கி, இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து விட்டார். இடது கை நின்றது. வலது கை மெத்தையில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "எப்போலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவிடம் இருந்தது: "நாலு மணிக்கு பாத்ரூம் போகணும்னு நல்லா கேட்டாருங்க."

அது குழப்பம் இல்லை, பேச்சிழப்பு. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வார்த்தை போய்விடும், ஆள் விழித்துத்தான் இருப்பார். வார்டில் வரும் பக்கவாதம் இப்படித்தான் ஏதாவது ஒரு போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறது. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை, தூக்க மாத்திரை வேலை செய்கிறது, காய்ச்சலில் பிதற்றுகிறார், ஆபரேஷன் ஆன கால் வலிக்கிறது அதனால் அசைக்கவில்லை, முதுகில் போட்ட ஊசியால் கால் மரத்திருக்கிறது என்று ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நியாயமான காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எலும்பு வார்டு சிஸ்டரைக் குறை சொல்ல மனம் வராது. கால் விரல் அசைகிறதா, கட்டுத் துணியில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கப் பழகியவர் அவர், முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. நைட்டில் ஒருவரே முப்பது படுக்கையைப் பார்க்கும் வார்டுகளும் உண்டு.

கவனித்த பிறகும் நேரம் போகும். சிஸ்டர் டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் தன் யூனிட் சீனியரைக் கூப்பிட வேண்டும், சீனியர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். பிறகு நரம்பியல் டாக்டருக்கு "ஒப்பீனியன்" எழுதி அனுப்புவார்கள். அந்தத் தாள் மேசையில் காத்திருக்கும். ஸ்கேனுக்கு ட்ராலி, ஆக்சிஜன் சிலிண்டர், லிஃப்ட், கூட ஓர் ஆள். சில இடங்களில் ஸ்கேனுக்குப் பணம் கட்டிய ரசீதும் வேண்டும். இதில் எந்தப் படியும் தனியாகப் பார்த்தால் அநியாயமாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்தால் நாலரை மணி நேரம்.

நாலரை மணி நேரம் என்பதற்கு இந்த வியாதியில் ஒரு தனிக் கனம் உண்டு. கட்டியைக் கரைக்கும் ஊசியான ஆல்டிப்ளேஸ் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு. அளவு, எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு எடையானாலும் 90-க்கு மேல் போகக்கூடாது. பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். இப்போது பல இடங்களில் ஒரே தள்ளலில் முடிந்துவிடும் டெனெக்டிப்ளேஸ் வந்துவிட்டது.

இந்த நாலரை மணி நேரம் எப்போதிலிருந்து என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு தொடங்காது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். அப்பா இரவு பத்து மணிக்குத் தூங்கி ஐந்தரைக்கு இப்படிக் கிடந்தார் என்றால், கணக்கு பத்து மணியிலிருந்து. ஏழரை மணி நேரம் போய்விட்டது என்று ஊசியை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நாலு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால்கூடப் போதும், கணக்கு நாலு மணியிலிருந்து தொடங்கும். கேஸ் ஷீட்டில் நாலு மணிக்கு பிபி எழுதியிருக்கலாம். அது தூங்குகிறவரின் கையில் கட்டி எடுத்தது, அவர் பேசினாரா என்பதை அது சொல்லாது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் ஆனவருக்கு, எழுந்ததும் பக்கவாதம் தெரிந்தால், மயக்கத்துக்கு முன்னால் பேசிய நேரம்தான் கணக்கு. நேரமே தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எம்ஆர்ஐயில் ஒரு வகைப் படத்தில் அடிபட்ட இடம் தெரிந்து, இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியாமல் இருந்தால், அடைப்பு புதியது என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போட்டுப் பலன் கண்டதை 2018-ல் வந்த ஆய்வு காட்டியது.

அடுத்து உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: "ஆபரேஷன் ஆனதால் ஊசி முடியாது."

முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஊசி உடம்பில் எங்கே கட்டி இருந்தாலும் கரைக்கும், தைத்த இடத்தில் ரத்தத்தை நிறுத்தி வைத்திருக்கும் கட்டியையும் சேர்த்து. அதனால்தான் 14 நாளுக்குள் பெரிய ஆபரேஷன் ஆனவருக்கு யோசிக்க வேண்டும் என்கிறார்கள். யோசிக்க வேண்டும் என்பதுதான் அங்கே இருக்கிற வார்த்தை. மூளையிலோ முதுகுத்தண்டிலோ சமீபத்தில் ஆபரேஷன் என்றால் பேச்சே இல்லை. வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ என்றால், கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, அழுத்திப் பிடிக்கவும் முடியாது, பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் முடிவாகும். முட்டி என்றால் கட்டுப்போட்டு அழுத்தலாம், ஆனாலும் மூட்டுக்குள் ரத்தம் தேங்கி, போட்ட மூட்டே கெடும் ஆபத்து இருக்கிறது. வலிக்காக முதுகில் மெல்லிய குழாய் விட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும். பேச்சும் வலது கையும் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம் என்று தராசில் வைத்து எலும்பு டாக்டரும் நரம்பியல் டாக்டரும் குடும்பமும் பத்து நிமிடம் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

வார்டில் இன்னும் சில குழப்பங்கள் அடிக்கடி வரும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் போடுகிற ஹெபாரின் வகை ஊசி, அந்தச் சிறிய அளவில், கட்டி கரைக்கும் ஊசிக்குத் தடையில்லை. அதையே முழு சிகிச்சை அளவில் 24 மணி நேரத்துக்குள் போட்டிருந்தால் தடை. அசிட்ரோம், வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 1.7 வரை இருந்தால் போடலாம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் வேண்டாம். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்த பிறகுதான் போட வேண்டும், போட்ட பின் ஒரு நாள் முழுக்க 180/105-ஐத் தாண்டவிடக்கூடாது. காய்ச்சலோடு இதய வால்வில் கிருமி பிடித்திருப்பவருக்கு வரும் பக்கவாதத்தில் இந்த ஊசி மூளைக்குள் ரத்தக்கசிவைக் கொண்டுவரலாம். கிருமி பிடிக்கும்படி வால்வைக் கெடுக்கிற ருமேட்டிக் வால்வு நோய் இன்னும் இருக்கிற நம் நாட்டில் இதை மறக்கக்கூடாது.

சரி, ஊசி முடியாது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் அப்பா விஷயத்தில் என் மனசு அடித்துக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதில்தான். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். த்ராம்பெக்டமி என்பார்கள். 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டின. மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பது ஸ்கேனில் தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் இன்னொரு ஆய்வு வந்தது. இதற்கு முந்தாநாள் ஆபரேஷன் ஆகியிருப்பது தடையில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதும் பெரும்பாலும் தடையில்லை. வார்டில் பக்கவாதம் வருகிறவர்களில் பலருக்கு ஊசிக்கு ஏதாவது ஒரு தடை இருக்கும், ஆகவே அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது இந்தச் சிகிச்சைதான். வலது கை விழுந்து, பேச்சும் போய், இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவர் என்றால் பெரிய குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு கணிசமானது. சாதாரண சிடியோடு நிறுத்தாமல் மருந்து செலுத்திக் கழுத்து, மூளை ரத்தக்குழாய்களின் சிடி ஆஞ்சியோவையும் அதே மேசையில் எடுத்திருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிசல்ட் வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இப்படிக் குழாய் விடுவதற்கான அறை, அதாவது கேத் லேப், இல்லையென்றால், இருக்கிற இடத்துக்கு அனுப்புவதுதான் சிகிச்சை.

அது நடந்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். இதய வார்டில் ஆஞ்சியோ முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண்மணி. 58 வயது. தலையணை பக்கம் திரும்பியே படுத்திருந்தார், கண் இரண்டும் இடப்பக்கமே போய் நின்றன. அங்கிருந்த இளம் சிஸ்டர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சுகர் பார்த்தார், 142. நேராக எங்களைக் கூப்பிட்டார். "மேடம் 3:40-க்கு என்கிட்ட பேசினாங்க. இப்ப 3:55" என்றார். அந்த ஒரு வாக்கியம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. ஸ்கேன், ஆஞ்சியோ, மறுபடி கேத் லேப். குழாயிலிருந்து கட்டி வெளியே வந்தது, ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, கருஞ்சிவப்பு. துணிக்கு அடியில் அவர் வலது கை விரல்கள் மேசையின் ஓரத்தைப் பிடித்தன. யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வார்டில் அந்த சிஸ்டரின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்படிக் கூப்பிடும்போது பாதிக்குப் பாதி பக்கவாதமாக இருக்காது என்பதும் உண்மை. சுகர் இறங்கியிருக்கும், ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்த சர்க்கரை நோயாளிகளில் இது சகஜம். வலிப்பு வந்து போயிருக்கும். சோடியம் குறைந்திருக்கும். கிருமி ரத்தத்தில் பரவியிருக்கும். அதனால் என்ன? அவையும் உடனே பார்க்க வேண்டியவைதான். சும்மா கூப்பிட்டுவிட்டோமோ என்று கூச்சப்படுகிற வார்டில்தான் உண்மையான பக்கவாதம் தப்பிப் போகும்.

ஐசியுவில் குழாய் போட்டு, தூக்க மருந்தில் வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு வரி: அவர்களிடம் பேச்சையோ முகத்தையோ பார்க்க முடியாது. தினமும் தூக்க மருந்தைக் கொஞ்சம் குறைத்து, நான்கு கைகால்களும் அசைகின்றனவா, கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆஸ்பத்திரியில் ஏன் பக்கவாதம் வருகிறது என்றும் நீங்கள் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள், மாத்திரையை நிறுத்தியதுதான் காரணமா என்று. இருக்கலாம். ஆனாலும் நிறுத்தியதே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்ஃபரினை ஆபரேஷனுக்கு முன் நிறுத்திவிட்டு, இடையில் ஹெபாரின் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. ரத்தக்கட்டியால் வந்த அடைப்பு போட்டவர்களில் 0.3 சதவீதம், போடாதவர்களில் 0.4 சதவீதம். பெரிய ரத்தக்கசிவோ போட்டவர்களில் 3.2 சதவீதம், போடாதவர்களில் 1.3 சதவீதம். நிறுத்தாமல் பெரிய ஆபரேஷன் செய்ய முடியாது, நிறுத்தினால் சிலருக்கு, மிகச் சிலருக்கு, இப்படி ஆகிறது. உங்கள் அப்பா அந்தச் சிலரில் ஒருவராகிவிட்டார். கேட்க வேண்டியது வேறொன்று: மாத்திரையை மறுபடி எந்தத் தேதியில், யார் சொல்லித் தொடங்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததா? நிறுத்தும் தேதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், தொடங்கும் தேதி விட்டுப்போகும்.

மாத்திரை நிறுத்தம் தவிர வேறு காரணங்களும் உண்டு. ஆபரேஷனே ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளும். இதய ஆபரேஷன், ஆஞ்சியோ சமயத்தில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு பெயர்ந்து மேலே போகலாம். மயக்கத்திலோ ரத்த இழப்பிலோ பிபி ரொம்ப இறங்கினால், கட்டியே இல்லாமல் மூளையின் ஓரப் பகுதிகள் காய்ந்துபோகும். அப்படிப்பட்டவருக்கு முதல் சிகிச்சை பிபியை ஏற்றுவது. இதயத்தைக் காப்பாற்றுவதற்காக ஆபரேஷன் சமயத்தில் புதிதாக, இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையை அதிக அளவில் தொடங்கிப் பார்த்த 2008-ஆம் வருட ஆய்வில், மாரடைப்பு குறைந்தது, பக்கவாதம் இரண்டு மடங்கானது. பிபி இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ரத்தக்கசிவு வகைப் பக்கவாதம் வார்டில் குறைவு. வந்தால் பெரும்பாலும் ரத்தம் இளக்கும் மருந்தோடு சேர்ந்து வரும். ஹெபாரினுக்கு ப்ரோட்டமின், வார்ஃபரின் வகைக்கு வைட்டமின் கே-யும் ரத்தம் உறைய உதவும் பொருள்களின் செறிவும், டபிகாட்ரான் என்கிற இன்னொரு ரத்தம் இளக்கும் மாத்திரைக்கு அதற்கென்றே உள்ள முறிவு மருந்து என்று எதிர்மருந்து உடனே கொடுத்து, மேல் பிபியை 140 பக்கம் இறக்க வேண்டும். சிடி எடுக்காமல் எந்த வகை என்று எந்தப் பெரிய டாக்டராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சிடி.

நாளை வேறு யாருக்காவது கட்டில் ஓரத்தில் உட்காரப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நோயாளியின் வழக்கமான முகமும் பேச்சும் உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். கண் இரண்டும் ஒரே பக்கம் போய் நின்றாலும், ஒரு பக்கக் கை மட்டும் போர்வையை இழுத்து மறுபக்கம் சும்மா கிடந்தாலும் அறிகுறிதான். போய்ச் சொல்லும்போது "ஒரு மாதிரி இருக்காரு" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையில் அவசரம் இல்லை. "சிஸ்டர், ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. நாலு மணிக்கு நல்லா பேசினார். இப்ப வலது கை தூக்க முடியலை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். செல்போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துவிட்டால் டாக்டரிடம் ஃபோனிலேயே காட்டலாம். காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை அது நேரே நுரையீரலுக்குப் போகலாம். பிபி 190 இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள், ஊசி போடாத நோயாளிக்கு 220/120 வரைகூட முதல் நாள் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். ஊசி முடியாது என்று சொன்னால், சண்டை போடாமல் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "பெரிய குழாய் அடைப்பு இருக்கான்னு ஆஞ்சியோ எடுத்தாச்சா சார்? குழாய் விட்டு எடுக்க முடியுமா? இங்க இல்லன்னா எங்க அனுப்பலாம்?"

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் கேட்பது சின்னது. இதயம் நின்றுபோனவருக்கு 'கோட் ப்ளூ' என்று அவசரக் குழுவைக் கூப்பிடுவதுபோல, பக்கவாதத்துக்கும் ஓர் எண். எந்த வார்டிலிருந்தும், எந்த சிஸ்டரும், யாரிடமும் கேட்காமல் கூப்பிடலாம் என்று எழுதி ஒட்டுங்கள். வந்து 25 நிமிடத்துக்குள் சிடி, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி என்பது வாசலில் வருகிறவருக்கான அளவு. கட்டிலில் இருப்பவருக்கும், கூப்பிட்ட நேரத்திலிருந்து, அதே அளவை வையுங்கள். பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வார்டு ஆயா முதல் பிசியோதெரபிஸ்ட் வரை வருடம் ஒருமுறை அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு கேஸிலும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவைத்து மாதம் ஒருமுறை பாருங்கள்.

இனி உங்கள் அப்பா. மூன்று வாரத்தில் விரல் அசையத் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறி. முதல் மூன்று மாதம்தான் முன்னேற்றம் வேகமாக வரும் காலம், பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள், பேச்சுப் பயிற்சி கிடைக்கிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். முட்டிக்கான பயிற்சியும் கைக்கான பயிற்சியும் ஒரே ஆள் பார்க்கும்படி ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. பலவீனமான காலும் புது மூட்டும் ஒரே பக்கமா என்பது நடை பழகும்போது ரொம்ப முக்கியம். ரத்தம் இளக்கும் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்களா என்று இன்றைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். பெரிய பக்கவாதத்துக்குப் பிறகும் ஆறு, ஏழு நாளில் தொடங்கியதில் ரத்தக்கசிவு கூடவில்லை என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டியது. உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. சம்மரியில் இல்லையென்றால் மாத்திரைக் கடையில் கேட்காதீர்கள், நீங்களாக அசிட்ரோமை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். நரம்பியல் டாக்டரையோ இதய டாக்டரையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள், போகும்போது சிடி ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டுபோங்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்டால் கொடுப்பார்களா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி அது. வாங்கியதும் மூன்று இடத்தைப் பாருங்கள்: நீங்கள் ஐந்தரைக்குச் சொன்னது சிஸ்டர் குறிப்பில் எந்த நேரத்தில் ஏறியிருக்கிறது, டாக்டர் எப்போது வந்து என்ன எழுதினார், சிடி ஸ்கேன் படத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் நேரம் என்ன. அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மருத்துவக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுங்கள். அப்பாவின் கையை எனக்குக் காட்ட விரும்பினால் அவர் இரண்டு கையையும் தூக்கும் வீடியோவையும், உங்கள் பேரைச் சொல்ல முயலும் வீடியோவையும் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.